அதிகாரத்தைப் பற்றி ஓர் இம்மெர்சிவ் நாடகம் போட விரும்புகிறவர்களுக்கு: இடம், கடிதங்கள், செலவு, பாதுகாப்பு

பார்வையாளரை நாற்காலியில் உட்கார வைக்காமல், கதை நடக்கும் கட்டடத்துக்குள்ளேயே அழைத்துப் போய், நடிகர்களோடு பேச வைத்து, அறை அறையாக நகர்த்தும் நாடகத்தைத்தான் இங்கே இம்மெர்சிவ் நாடகம் என்கிறேன். சென்னையில் எங்கள் சிறு குழு ஒரு பழைய வீட்டை அரசு அலுவலகமாக மாற்றி, டிக்கெட் வாங்கி வந்தவர்களை மனுதாரர்களாக்கி, மேசைக்கு மேசை அலைய விட்டு ஒரு நாடகம் நடத்தியது. நடிப்பைச் சொல்லித்தர நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். காவல் நிலையத்துக்கு என்ன கடிதம் எழுதுவது, வீட்டு உரிமையாளரிடம் எதைக் கையெழுத்தாக வாங்குவது, அழத் தொடங்கிவிட்ட பார்வையாளரிடம் நடிகர் என்ன சொல்வது என்பதற்கு ஆளில்லை. ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொள்வதில் எங்கள் தெம்பில் பாதி கரைந்துபோனது. அடுத்து வரும் குழுவுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடு கைநழுவிப் போகும் உணர்வைத்தான் இந்த வகை நாடகம் தருகிறது. ஆனால் உண்மையான கட்டுப்பாடு ஒரு நொடிகூடப் பார்வையாளரின் கையை விட்டுப் போகக்கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

1. எதைப் பறிப்பீர்கள், எதைத் தொடமாட்டீர்கள் என்று எழுதுங்கள்

கதை எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம், பார்வையாளரிடமிருந்து நாடகம் எடுத்துக்கொள்பவை. எங்கள் பட்டியலில் இருந்தவை: பெயர் (வாசலிலேயே டோக்கன் எண்ணாக மாறிவிடும்), நேரம் (கட்டடத்தில் எந்தக் கடிகாரமும் சரியாக ஓடாது), வரிசை (முதலில் வந்தவர் முதலில் போவார் என்ற நியதி கிடையாது), உடன் வந்தவர் (தம்பதியரும் நண்பர்களும் வெவ்வேறு மேசைக்குப் போவார்கள்). வலப்பக்கம், எந்த நிலையிலும் எடுக்கக்கூடாதவை: வெளியே போகும் வழி, குடிநீர், கழிப்பறை, மூக்குக்கண்ணாடி, மருந்து, கைப்பேசி. கைப்பேசியை உறையில் போட்டு ஒட்டச் சொல்லலாம். அந்த உறை அவரிடமேதான் இருக்க வேண்டும்.

வலப்பக்கப் பட்டியல் நீளமாக இருப்பதைக் கண்டு தயங்காதீர்கள். அதிகாரம் உறைக்க வேண்டுமென்றால் கூச்சல் தேவையில்லை. எங்கள் இரண்டாவது அறையில் ஒரே ஒரு மேசை விசிறி. அது எழுத்தர் பக்கம் திரும்பியிருக்கும். எதிரே நிற்பவருக்கு நாற்காலி உண்டு, அதன்மேல் கோப்புக்கட்டு உட்கார்ந்திருக்கும். எழுத்தர் படிவத்தை வாங்குவார், விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் தன் சாப்பாட்டு டப்பாவை வைப்பார், பேனாவின் மூடியைத் தேடுவார். மூன்று நிமிடம் இதுவே நடக்கும். அந்த டப்பாவுக்கு அடியில் கிடக்கும் தன் மனுவைப் பார்த்து முகம் சிவந்தவர்கள் பலர். எழுத்தராக நடித்தவர் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசவில்லை.

இதில் பெரிய பொறி சாதி. அதிகாரத்தைப் பற்றி நம் ஊரில் நாடகம் போட்டுவிட்டுச் சாதியைத் தொடாமல் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் பார்வையாளரிடம் சாதியையோ ஊர்த்தெருவையோ கேட்கும் காட்சியை வைக்காதீர்கள். வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்வியால் காயப்பட்டவர் டிக்கெட் வாங்கி வந்து மறுபடியும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காயம் நடிகர்களுக்கிடையே நடக்கட்டும். பார்வையாளர் சாட்சியாக நிற்கட்டும், தலையிடுவதா வேண்டாமா என்ற முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

2. இடம் பிடித்தல்

வழக்கமான அரங்குகளில் இது சரிப்படாது. உங்களுக்குத் தேவை நான்கைந்து அறைகள், ஒரு நடைவழி, இரண்டு வாசல். காலியாக இருக்கும் வீடு, மூடிய டியூஷன் சென்டர், பழைய பள்ளிக் கட்டடம், கிடங்கு எல்லாம் பொருந்தும். பார்க்கப் போகும்போது அழகைப் பார்க்காதீர்கள். இவற்றைப் பாருங்கள்: வெளியே திறக்கும் வாசல் இரண்டு உண்டா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? மாடி என்றால் முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் என்ன செய்வார்கள்? மின் இணைப்பு எத்தனை விளக்கைத் தாங்கும்? கடைசிக் கேள்விக்கு எலெக்ட்ரீஷியனை நேரில் அழைத்துப் போய்ப் பதில் வாங்குங்கள். பழைய வீட்டு ஒயரிங்கில் ஹாலஜன் விளக்குகளை ஏற்றினால் ஃபியூஸ் போவதோடு நிற்காது.

உரிமையாளரிடம் வாய்வார்த்தை போதாது. நாடகத்துக்கு இரண்டு நாளைக்கு முன் அவருடைய உறவினர் ஒருவர் வந்து, "இவ்வளவு கூட்டம் வரும் என்று சொல்லவேயில்லையே" என்று கேட்டால் உங்கள் கையில் தாள் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வர வேண்டியவை: ஒத்திகையும் காட்சியும் நடக்கும் தேதிகள், நேரம், ஒரு நேரத்தில் உள்ளே இருக்கும் அதிகபட்ச ஆள்கள், டிக்கெட் விற்கப்படுகிறது என்ற தகவல், சுவரில் ஆணி அடிக்கலாமா, சாயம் பூசலாமா, மின்கட்டணம் யார் பொறுப்பு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். சாவி வாங்கும் அன்றே ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டி வராது.

3. கடிதங்களும் ஆவணங்களும்

முதலில் ஒரு தெளிவு. நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று இன்னமும் சிலர் உங்களிடம் சொல்வார்கள். அப்படிச் செய்ய வைத்தது 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம். எழுத்தாளரும் பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி தொடுத்த வழக்கில், அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பிரதி ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு சுமுகமாக முடிய அது உதவும்.

அதற்காகக் காவல் நிலையப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். நிகழ்ச்சி நடப்பதைத் தெரிவிக்கும் கடிதம் அவசியம் கொடுக்க வேண்டும். இரவில் ஒரு வீட்டிலிருந்து அழுகையும் அதட்டலும் கேட்டால் அக்கம்பக்கத்தார் 112-க்கு அழைப்பார்கள். அவர்கள் அழைப்பதும் சரிதான். அப்போது நிலையத்தில் உங்கள் கடிதம் இருந்தால், வருகிற காவலர் இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போவார்.

கடிதத்தை ஆய்வாளர் பெயருக்கு எழுதுங்கள், உதவி ஆணையருக்கு நகல் போடுங்கள். இணைக்க வேண்டியவை: உரிமையாளரின் ஒப்புதல், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் கைப்பேசி எண், இரண்டு வாசலும் குறிக்கப்பட்ட தரைப்படம். இரண்டு பிரதியாகக் கொண்டு போய், உங்கள் பிரதியில் தேதியிட்ட முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம். காட்சிக்கு மூன்று வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள். திருவிழா, தலைவர் வருகை, தேர்தல் என்று ஏதாவது வந்தால் உங்கள் கடிதத்தைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

ஒலிபெருக்கி வைப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. அறைக்குள் கேட்கும் சிறு ஸ்பீக்கர்களோடு நிறுத்திக்கொண்டு, இரவு 9 மணிக்கு முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பாட்டு வைக்கிறீர்களா? பணம் வாங்காத பார்வையாளர் முன் ஆர்வலர் குழு நிகழ்த்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் விற்றால் அந்த விலக்கு போய்விடும். பின்னணியில் கேட்கும் பழைய சினிமாப் பாட்டுக்கும் உரிமம் தேவைப்படும். நாங்கள் பாட்டையே விட்டுவிட்டு, தட்டச்சுப் பொறியின் சத்தத்தையும் டோக்கன் அழைக்கும் குரலையும் நாங்களே பதிவு செய்து பயன்படுத்தினோம். வேறொருவர் கதையைத் தழுவினால், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள். மூலக்கதைக்கு உரிமை முடிந்திருந்தாலும், அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உரிமை உயிரோடு இருக்கலாம்.

4. போலித் தாள், சீருடை: கவனம்

அலுவலகம், நீதிமன்றம், சிறை என்று அமைக்கும்போது கலை இயக்குநருக்கு உற்சாகம் பொங்கும். அங்கேதான் சட்டச் சிக்கல் வரும். நான்முகச் சிங்க முத்திரையையோ மாநில அரசின் கோபுரச் சின்னத்தையோ எந்தப் படிவத்திலும் அச்சிடாதீர்கள். சிங்க முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. உங்கள் நாடகத்துக்கென்று கற்பனைத் துறை ஒன்றைப் படைத்து, அதற்கு ஒரு சின்னம் வரையுங்கள். லஞ்சக் காட்சிக்கு ரூபாய் நோட்டைப் போலத் தோன்றும் தாளை அச்சிடுவதும் குற்றம். விளையாட்டுக்குத்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாங்கள் நோட்டுக்குப் பதிலாகப் பார்வையாளரின் டோக்கனையே லஞ்சமாகக் கேட்டோம். கொடுத்தால் வரிசையில் இடம் போய்விடும். கொடுக்காவிட்டால் கோப்பு நகராது. நாடகத்துக்கு அது இன்னும் கூர்மை சேர்த்தது.

காக்கிச் சீருடை அணிந்த நடிகர் இடைவேளையில் தேநீர் குடிக்கத் தெருவுக்குப் போகக்கூடாது. அரசு ஊழியர் என்று பிறரை நம்ப வைக்கும் நோக்கத்தோடு அவ்வுடையை அணிவது குற்றம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லையென்று தெருவில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அறைக்கதவைப் பூட்டும் காட்சி வேண்டவே வேண்டாம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது சட்டப்படி குற்றம், அவர் டிக்கெட் வாங்கியிருந்தாலும். தாழ்ப்பாள் விழும் ஓசையை ஸ்பீக்கரில் கேட்கச் செய்யுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். ஓசையைக் கேட்ட பிறகு கதவைத் தள்ளிப் பார்க்கவே துணியாமல் உட்கார்ந்திருப்பவர்களைக் காண்பீர்கள். அது திறந்திருந்தது என்பதை முடிவில் காட்டுங்கள்.

5. பணம்

எங்கள் கணக்கு முறையைச் சொல்கிறேன், எண்களை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு காட்சிக்கு 24 பேர், 8 காட்சிகள், ஆக 192 டிக்கெட். ஒரு டிக்கெட் 400 ரூபாய். எல்லாம் விற்றால் 76,800 ரூபாய். ஆனால் மூன்றில் இரண்டு பங்குதான் விற்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்: 128 டிக்கெட், 51,200 ரூபாய். செலவு இதற்குள் அடங்காவிட்டால் மீதியை எங்கிருந்து கொண்டு வருவீர்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

புதியவர்கள் செட், விளக்கு, அச்சு என்று கணக்குப் போட்டுவிட்டு, சாப்பாட்டையும் போக்குவரத்தையும் மறந்துவிடுகிறார்கள். 14 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய், 20 நாள் ஒத்திகை என்றால் 42,000 ரூபாய். டிக்கெட் வருமானத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். நல்லவேளையாக இந்த நாடக வடிவம் ஒரு வசதி தருகிறது. அறைகள் தனித்தனி என்பதால் எல்லோரையும் தினமும் வரச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அறைக்கு வேண்டிய நான்கைந்து பேரை மட்டும் அழைத்தால் அதே 20 நாள் 15,000 ரூபாயில் முடியும். மிச்சத்தை நடிகர்களுக்குச் சம்பளமாகக் கொடுங்கள். அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் நாடகத்தில் இலவசமாக உழைக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

நாடக டிக்கெட் 500 ரூபாய்வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. 550 என்று வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை யோசிக்கவும். உள்ளாட்சியின் கேளிக்கை வரி பொருந்துமா என்பதை மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலையும் எழுத்தாகவே வாங்குங்கள். பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கி, கடைசிக் காட்சிவரை அதைத் தொடாதீர்கள்.

6. எந்த மாதம், எந்த நேரம்

அக்டோபர் முதல் டிசம்பர்வரை சென்னையில் மழை. பழைய கட்டடம் ஒழுகும், தெருவில் தண்ணீர் நிற்கும். டிசம்பர் பாதியிலிருந்து சபாக்களின் கச்சேரிக் காலம். மார்ச், ஏப்ரல் தேர்வு. மே மாதம் மூடிய அறைக்குள் 24 பேரை நிறுத்துவது கொடுமை. ஜூலை முதல் செப்டம்பர்வரை அல்லது பொங்கல் முடிந்து பிப்ரவரி இறுதிவரை பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், அரசு அலுவலகத்தைப் பற்றிய நாடகத்தைப் பிரசாரமாகப் பார்க்கும் கண்கள் இருக்கும். தேதியைத் தள்ளி வைப்பதே நல்லது.

காட்சி நேரக் கணக்கு: ஆறு ஆறு பேராக நான்கு குழு, 15 நிமிட இடைவெளி. முதல் குழு 6.30-க்கு, கடைசிக் குழு 7.15-க்கு. பயணம் 60 நிமிடம் என்றால் கடைசிக் குழு 8.15-க்கு வெளிவரும். முதலில் உள்ளே போனவர்கள் இறுதி அறையில் முக்கால் மணி நேரம் காத்திருப்பார்கள். அவர்களுக்கு உட்கார இடமும் தண்ணீரும் வேண்டும்.

7. நிறுத்தும் சைகையும் நடிகர் பாதுகாப்பும்

தலைக்கு மேல் இரு கைகளையும் குறுக்காக வைத்தால் நாடகம் அந்த இடத்தில் நின்றுவிடும். "நிறுத்துங்கள்" என்று இரண்டு முறை சொன்னாலும் நிற்கும். இதை வாசலில் அச்சிட்டு ஒட்டினால் போதாது. ஆறு பேரையும் ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஒருவர் சைகை காட்டியதும் நடிகர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, "வெளியே போகலாமா?" என்று கேட்க வேண்டும். காரணம் கேட்கக்கூடாது. வெளியே அமைதியான ஓர் அறையும், அங்கே நடிக்காத ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

நடிகருக்கும் அதே உரிமை உண்டு. பார்வையாளர்கள் முகமூடி அணிந்து நடமாடும் நியூயார்க்கின் புகழ்பெற்ற இம்மெர்சிவ் நாடகம் ஒன்றில், நடிகர்களைப் பார்வையாளர்கள் தகாத முறையில் தொட்டதாக 2018-இல் செய்தி வெளிவந்தது. தான் இன்னாரென்று தெரியாது என்ற துணிச்சல் யாருக்கு வந்தாலும் ஆபத்துதான். எனவே முகமூடியைத் தவிருங்கள். தொடுதல் எந்தப் பக்கமும் கிடையாது என்பதை விதியாக வையுங்கள். ஒவ்வோர் அறையிலும் நடிகர் தவிர இன்னொருவர், அலுவலக உதவியாளர் வேடத்திலாவது, நிற்கட்டும். நடிகைகளை ஒரு பார்வையாளரோடு தனியறையில் விடும் காட்சியை நான் வைக்கவே மாட்டேன். விதியை மீறுகிறவரைப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வெளியே அனுப்பலாம் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

8. ஒத்திகைக்கு அடங்காதவர்களை அழையுங்கள்

நண்பர்கள் சொன்னபடி நடப்பார்கள், அதனால் பயனில்லை. வாதாடும் மாமா, சிரித்துக்கொண்டே இருக்கும் கல்லூரி மாணவர்கள், உண்மையிலேயே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தேடிப் பிடித்து வாருங்கள். எங்களுக்கு வந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர், கோப்பைக் கட்டும் நாடாவின் முடிச்சு தவறு என்று திருத்தியதோடு, மனுதாரரை நிமிர்ந்து பார்க்காமலேயே பேசுவது எப்படி என்றும் நடித்துக் காட்டினார். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஒவ்வோர் அறைக்கும் "இப்படி நடந்தால்" தாள் தயாரியுங்கள். பார்வையாளர் அழுதால், கைப்பேசியில் படமெடுத்தால், மேசையிலிருந்த கோப்பைக் கிழித்தால், மற்றவர்களைத் திரட்டிக்கொண்டு போராட்டம் தொடங்கினால். கடைசியாகச் சொன்னது நடந்தால் மகிழுங்கள். அதற்கு ஒரு முடிவை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நடிகர்கள் விழித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

9. டிக்கெட் விற்கும்போது

வயது 18-க்கு மேல், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், படிகள் உண்டா, அதட்டலும் இருட்டும் உண்டா என்பவற்றை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். பெயரும் கைப்பேசி எண்ணும் போதும். ஆதார் கேட்காதீர்கள், நாடகத்துக்குள் போலியாகக்கூடக் கேட்காதீர்கள். பழக்க தோஷத்தில் உண்மையான எண்ணைச் சொல்லிவிடுவார்கள். படிவங்களில் எழுதப்பட்ட உண்மைத் தகவல் எதுவானாலும் அன்றிரவே கிழித்துவிடுங்கள்.

10. கடைசி அறைக்குப் பிறகு

காட்சி முடிந்ததும் 20 நிமிடம் உட்கார்ந்து பேச இடம் கொடுங்கள். பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்தோ போவாலின் விவாத அரங்கு முறை இங்கே நன்றாகப் பொருந்தும். ஒரு காட்சியை மறுபடி நடத்தி, "எந்த இடத்தில் நீங்கள் வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?" என்று கேட்டு, விரும்புகிறவரை மனுதாரர் இடத்தில் நிறுத்திச் செய்து பார்க்கச் சொல்லலாம். நடிகர்கள் வேடத்தைக் கலைத்துவிட்டு வர வேண்டும். எழுத்தராக நடித்தவர் மீது கோபம் மிச்சமிருக்கும் பார்வையாளர், அவர் சாதாரண உடையில் தேநீரோடு வந்து உட்கார்ந்ததும் தளர்வதைக் கண்டிருக்கிறேன்.

இறுதிக் காட்சிக்கு மறுநாளைக் கட்டடத்தைக் காலி செய்வதற்கென்றே ஒதுக்குங்கள். ஒவ்வோர் அறையையும் மறுபடி படமெடுத்து, உரிமையாளரை நேரில் வரவழைத்துச் சாவியைக் கொடுத்து, முன்பணத்தை அங்கேயே கேளுங்கள். நடிகர்களின் சம்பளத்தை அந்த வாரத்திலேயே முடித்துவிட்டு, வரவு செலவுக் கணக்கைக் குழுவில் எல்லோருக்கும் காட்டுங்கள். காவல் நிலைய ஒப்புகை, உரிமையாளர் ஒப்பந்தம், மாநகராட்சியின் பதில் மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வேறொரு பகுதியில் விண்ணப்பிக்கும்போது அவற்றின் நகலை இணைத்தால் மேசையில் கேட்கப்படும் கேள்விகள் பாதியாகக் குறையும்.